நீலகிரியின் நீலம்

நீலகிரிக்குப் பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, அவன் சமவெளியில் நின்றுகொண்டுதான் வைத்திருக்க வேண்டும். மேலே ஏறிவிட்டால் எங்கும் பச்சைதான். குறிஞ்சி பூப்பதால் வந்த பெயர் என்பாரும் உண்டு. இருக்கலாம், ஆனால் நீலக்குறிஞ்சி மலர்வது 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை. மற்ற ஆண்டுகளிலெல்லாம் மலைக்கு நீலம் பூசுவது காற்றேயாகும்.

இந்த விந்தையைக் காண, 1899-இல் குன்னூரை எட்டிய பல்சக்கர ரயிலில் ஏறிச் சென்று, அங்கிருந்து சுமார் 5 மைலில் உள்ள லாம்ஸ் ராக் என்னும் பாறையை அடைய வேண்டும். சென்ற கோடை விடுமுறையில் எங்கள் பள்ளிச் சித்திர ஆசிரியருடன் அங்கே போயிருந்தேன். அவருக்கு இரு கண்களிலும் புரை. புரை முற்ற முற்ற விழிவில்லை மஞ்சளித்து, நீல ஒளியைத்தான் அதிகமாக விழுங்குகிறது. ஓவியருக்கு இதைவிடக் கொடிய திருட்டு வேறு உண்டா?

"சிகிச்சை ஆனபின் வரலாமே?" என்றேன்.

"அப்போது இன்னொரு படம் எழுதுகிறேன், ஸார்" என்று கித்தானை நிறுத்தினார்.

தூரத்தைக் காட்ட மலையைச் சிறிதாக எழுதினால் போதாது. இடையிலுள்ள காற்று, வெயிலில் நீலத்தையே மிகுதியாகச் சிதறடிக்கிறது. அது இருண்ட இடங்களின்மேல் திரைபோல் படிவதால், தூரத்தில் முதலில் மறைவது கருமை. எதிரே ஹுலிக்கல் துருக்கத்தின் (பக்காசுரன் மலை என்பது இதுதான்) நிழல்கூட வெளிறிய நீலம். எங்கள் காலடிப் பாறைப் பிளவோ மையிருட்டு. தொலைவிலுள்ள வெண்மேகம் மட்டும் நீலமாகாமல் இலேசாக மஞ்சள் பாரிக்கிறது!

அவர் வானத்தையும் கடைசி மலையையும் முதலில் தீட்டினார். எண்ணெய் வண்ணம் மெதுவாக உலர்வது ஒரு வரம். ஈரம் இருக்கும்போதே விளிம்பை வெறும் தூரிகையால் தடவினால் கோடு கரைந்துவிடுகிறது. ஆனால் நீலத்துக்கும் சாம்பலுக்கும் பேதம் அவருக்குப் புலப்படவில்லை. வெள்ளையில் நீலமும் துளி சிவப்பும் குழைத்து, கத்தி நுனியில் எடுத்து என்னிடம் நீட்டுவார். நான் அதை மலைக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"நீலம் போதுமா, ஸார்?"

"இன்னும் கொஞ்சம்."

"இன்னுமா!"

மூன்றாம் முறை, கத்தியிலிருந்த வண்ணம் மலையோடு கலந்து காணாமற் போயிற்று. சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் கத்தியை வாங்கிக்கொண்டார்.

பதினொரு மணிக்கு மேகம் ஏறிவந்து பள்ளத்தாக்கை மூடியது. முன்புறப் பாறை இன்னும் எழுதப்படவில்லை.

"அதை வீட்டில் எழுதிக்கொள்ளலாம். பழுப்பு எனக்கு நன்றாகவே தெரிகிறது" என்று பெட்டியை மூடினார்.