பச்சிளஞ்செவியின் பதில்

குழந்தை பிறந்த வீட்டில் தட்டைத் தட்டிப் பார்ப்பது நம் வழக்கம். குழந்தை திடுக்கிட்டால் காது நன்றாக இருக்கிறது என்று பெரியவர்கள் நிம்மதியாக வெற்றிலை போடுவார்கள். ஆனால் தட்டின் அதிர்வு தொட்டிலுக்கும் செல்லும். கையின் நிழல் கண்ணிலும் படும். குழந்தை எதற்குத் திடுக்கிட்டது என்று யார் சொல்வது? என் அத்தை மகன் இந்தத் தட்டுச் சோதனையில் தேறியவன். அவனுக்குக் காது கேளாது என்பது மூன்று வயதுக்குப் பிறகே தெரிந்தது.

சென்ற ஆண்டு என் அக்காளுக்குக் குறைமாதத்தில் ஆண் குழந்தை பிறந்தது. மஞ்சள் காமாலையும் கடுமையாகக் கண்டது. காதிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்புப் பாதையை அது தாக்கக்கூடும் என்று 'பெரா' என்னும் சோதனைக்கு எழுதித் தந்தார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே மருத்துவமனைத் தாள் எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். இயற்பியல் மாணவன் என்றதும் உள்ளே நிற்கவும் அனுமதித்தார்கள்.

பால் குடித்து உறங்கிய குழந்தையின் நெற்றியிலும் இரு காதுகளின் பின்னும் மின்வாய்களை ஒட்டினார்கள். காதில் சிறு 'டிக்' ஒலி. ஒலி புகுந்த 10 மில்லிநொடிக்குள் செவி நரம்பும் மூளைத்தண்டும் வரிசையாக மறுமொழி தருகின்றன. அதன் அளவு ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. மூளையின் மற்ற மின் அலைகளோ அதைவிடப் பல பத்து மடங்கு! திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பது போலத்தான். இதற்கு வழி, ஆய்வுக்கூடத்தில் பலமுறை அளந்து சராசரி காண்கிறோமே, அதுதான். 2000 முறை ஒலித்துச் சராசரி எடுத்தால் ஒழுங்கற்ற இரைச்சல் ஏறத்தாழ 45-இல் ஒரு பங்காகத் தேய்கிறது. ஒலியைத் தொடர்ந்து வரும் அலை மட்டும் நிற்கிறது. திருகு அளவியைப் பத்து முறை வைத்துப் பார்க்கச் சலித்துக்கொள்ளும் நண்பர்கள் கவனிக்க.

ஐந்தாவது அலை 7 மில்லிநொடியை ஒட்டி எழுந்தது. பெரியவர்களுக்கு 6-ஐ ஒட்டி வந்துவிடும். பச்சிளங்குழந்தையின் நரம்புகளுக்கு உறை இன்னும் முழுதாகப் படியாததால் இந்தத் தாமதம். ஒலியைக் குறைத்துக்கொண்டே போனார்கள். 30 டெசிபலிலும் அலை இருந்தது.

வெளியே வந்ததும், "கேக்குதாடா?" என்றார் அப்பாயி. "கேக்குது அப்பாயி" என்றேன். ஒலி மூளைத்தண்டு வரை சேர்கிறது என்பதை மட்டுமே அக்கருவி சொல்லும். கேட்டதைப் புரிந்துகொள்வது வேறு. அதையெல்லாம் அப்போது விளக்கவில்லை.

அத்தைதான் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இந்தப் பொட்டி எப்பப்பா வந்துச்சு?" என்று கேட்டார். அமெரிக்காவில் ஜுவெட், வில்லிஸ்டன் என்னும் இருவர் இந்த அலைகளைப் பற்றி விரிவாக எழுதியது 1971-இல். சில ஆண்டுகளில் குழந்தைகளிடமும் அளந்துவிட்டார்கள். அத்தை மகன் பிறந்தது 2001-இல்.

"ரொம்ப நாளாச்சு அத்தை" என்று மட்டும் சொன்னேன்.