கெல்ட்டியர் பழங்கதையும் எமது காதல் நவீனமும்

அயல்நாட்டுப் பழங்கதை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதனின்றும் அற்புதமும் காதலும் விரவிய நவீனம் எழுதப் புகுவார்க்கு இருவகை இடர்கள் உண்டு. கதையின் புறத்தோற்றத்தில் மயங்கி, மூடுபனியையும் மந்திரக் கோலையும் மாயக் குதிரையையும் மட்டும் அள்ளிக்கொண்டு வந்துவிடுதல் ஒன்று. நம்மவர்க்கு எளிதில் விளங்கவேண்டும் என்னும் ஆர்வத்தால், அக்கதைக்கு உரிய நிலத்தையும் மரத்தையும் வழக்கத்தையும் மாற்றி, அதனை நம் ஊர்க் கதையாகவே ஆக்கிவிடுதல் மற்றொன்று. கடந்த மூன்றாண்டுகளாக மாலை வேளைகளில் யாம் இத்தகைய நவீனம் ஒன்றை எழுதிவருகின்றோம். இம்மலரைப் படிக்கும் மாணவ நண்பருள் எழுத்தில் நாட்டமுடையார் சிலரேனும் இருப்பராதலின், அம்முயற்சியில் யாம் கண்டவற்றை ஈண்டு எடுத்துரைத்தல் பயனுடைத்தாம் என்று எண்ணுகின்றோம்.

கெல்ட்டிய மொழி பேசியோர் ஒரு காலத்தில் ஐரோப்பாக் கண்டத்தின் பெரும்பகுதியிற் பரவியிருந்தனர். பிற்காலத்தே அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் முதலாய மேற்கு ஓரத்து நிலங்களிலேயே அம்மொழிகள் நிலைத்தன. அவர்தம் சமயக் குரவராகிய துருயிதர் தம் கல்வியை எழுத்தில் வரைதல் தகாது எனக் கருதினர் என்று, கால் நாட்டாரைப் பற்றி ஜூலியஸ் சீஸர் எழுதியுள்ளார். ஆகவே அயர்லாந்தின் பழந்தெய்வக் கதைகளை ஏட்டில் எழுதிவைத்தவர் அத்தெய்வங்களை வணங்கியவர் அல்லர். கிறித்தவ மடங்களிற் பயின்ற எழுத்தாளரே அப்பணியைச் செய்தனர். இன்று டப்ளின் நகரத்து அரச ஐரிஷ் கழகத்திற் காக்கப்படும் ‘கபிலப் பசுவின் ஏடு’ என்பது அத்தகையதொரு தொகுதி. அதனை எழுதியவருள் ஒருவராகிய மேல் முய்ரே என்பார், 1106-ஆம் ஆண்டில் குளோன்மக்னாய்ஸ் மடத்தில் கொள்ளையர் கையால் மாண்டார்.

அவ்வேட்டிற் காணப்படும் கதைகளுள் ஒன்று ‘ஏடாயினை மணம் பேசியது’ என்பது. அவ்வேட்டில் அதன் சில பகுதிகள் சிதைந்து போயின. பிரிந்து கிடந்த வேறு சில தாள்கள் இங்கிலாந்தில் ஒரு தனியார் நூற்றொகுதியுட் கண்டறியப்பட்ட பின்னரே, ஆஸ்பார்ன் பெர்கின், ரிச்சர்டு பெஸ்ட் என்னும் அறிஞர் இருவரும் முழுக் கதையையும் மொழிபெயர்ப்புடன் 1938-இல் நிறைவுற வெளியிட்டனர். எமது நவீனத்திற்கு முதலாக அமைந்தது இக்கதையே.

கதையின் சுருக்கம் வருமாறு. மண்மேட்டினுள் வாழும் தேவ இனத்தானாகிய மிடிர் என்பான், அயர்லாந்தின் பேரழகியை மனைவியாகப் பெற்றுத் தரவேண்டும் என்று தன் வளர்ப்பு மகனாகிய ஏங்கஸ் என்பானிடம் கேட்கின்றான். அவளே ஏடாயின். பன்னிரண்டு சமவெளிகளைக் காடு திருத்தியும், பன்னிரண்டு ஆறுகளை வெட்டிவிட்டும், அவள் எடைக்கு எடை பொன்னும் வெள்ளியும் கொடுத்தும் ஏங்கஸ் அவளைப் பெற்று வருகின்றான். மிடிரின் மூத்த மனைவி பூவம்னாக் பொறாமையால் ரோவன் மரக் கோலால் அவளை அடிக்க, அவள் நீராகிப் புழுவாகிச் செவ்வூதா நிற ஈயாகின்றாள். சூனியக் காற்று அவ்வீயை ஆண்டுக்கணக்காக அலைக்கழிக்கின்றது. முடிவில் அவ்வீ ஒரு வீரன் மனைவியின் கிண்ணத்தில் விழுந்து, பருகப்பட்டு, அவள் வயிற்றில் மகளாய்ப் பிறக்கின்றது. முதற் பிறப்பிற்கும் இப்பிறப்பிற்கும் இடையே 1012 ஆண்டுகள் கழிந்தன என்று ஏடு கணக்கிட்டுச் சொல்கின்றது.

மறுபிறப்பில் அவள் முன்னையதொன்றும் அறியாள். அரசியில்லாத அரசன் கூட்டும் தாராப் பெருவிழாவிற்கு வரமாட்டோம் என்று குடிகள் கூறியமையால், எயோகைத் என்னும் அரசன் பெண் தேடி அவளை மணக்கின்றான். அப்பொழுது மிடிர் அவளிடம் வந்து, முற்பிறப்பில் நான் உன் கணவன், என்னுடன் வருக என்று அழைக்கின்றான். குலம் இன்னதென்று தெரியாத ஒருவனுக்காக அயர்லாந்தின் அரசனைத் துறக்கமாட்டேன் என்று அவள் மறுக்கின்றாள். தன் கணவன் தானே கொடுத்தாலன்றி வாரேன் என்கின்றாள். உடனே மிடிர் அரசனைப் பலகையாட்டத்திற்கு அழைத்து, முதலில் தோற்பவன் போல் தோற்று, இறுதியில் வென்று, ஏடாயினை ஒருமுறை தழுவி முத்தமிடும் உரிமையைப் பந்தயப் பொருளாகக் கேட்கின்றான். அரசன் ஒரு மாதத் தவணை சொல்லி, அந்நாளில் வாயில்தோறும் படை நிறுத்துகின்றான். மிடிரோ மண்டபத்தின் நடுவே தோன்றி, அவளைத் தழுவிக் கூரையின் வழியே எழுகின்றான். வெளியே ஓடிய வீரர் கண்டது வானத்தில் வட்டமிட்ட இரண்டு அன்னங்களையே.

இக்கதையை யாம் ஏன் பற்றிக்கொண்டோம் என்று எம்மைக் கேட்டவர் உண்டு. அதற்கு விடை எம் இல்லத்தில் இருந்தது. எம் பாட்டியார் தம் வாழ்நாளின் இறுதி ஈராண்டுகளில் நினைவு மங்கி, ஐம்பதாண்டுகளுக்கு மேல் உடன் வாழ்ந்த கணவரை அறியாதவரானார். பாட்டனார் அறைக்குள் நுழையும்போதெல்லாம், “யாரோ பெரியவர் வந்திருக்கிறார், உட்காரச் சொல்லு, மோர் கொடு” என்று எம் அன்னையாரிடம் கூறுவார். தொடக்கத்தில் ஒரு நாள் பாட்டனார், “நான்தான் உன் வீட்டுக்காரன்” என்று சொல்ல, பாட்டியார் அஞ்சி, முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று முதல் பாட்டனார் அச்சொல்லைச் சொல்லவில்லை. நாள்தோறும் விருந்தினரைப் போலவே வந்து, “பக்கத்துத் தெருவில் இருக்கிறேன் அம்மா; பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தேன்” என்று கூறி, மோர் பருகி, அவர் பேச விரும்பிய அளவே பேசியிருந்து எழுந்து செல்வார். சில நாட்களில் பாட்டியார், நாளைக்கும் வாருங்கள் என்று சொல்வதுண்டு. அந்நாட்களில் பாட்டனாரின் முகத்தை யாம் பார்த்திருக்கின்றோம்.

அவ்விருவரும் மறைந்த பின்னர் ஏடாயின் கதையைப் படித்த யாம், மிடிரை வியந்து பாராட்டும் உரைகளோடு உடன்பட இயலாதவராயினோம். நினைவுடையவன் ஒருவன், நினைவிழந்தவள் ஒருத்தி. இருவர்க்கும் இடையே நிற்கும் உரிமை யாது? அவன் நினைவு அவளைக் கட்டுப்படுத்துமோ? காதல் நவீனம் எழுதுவோன் விடுக்கவேண்டிய வினா இதுவே என்று எமக்குத் தோன்றியது. கதையை மீண்டும் நோக்குமின்: அவளைப் பொன்னால் நிறுத்தனர், கோலால் அடித்தனர், விழாவிற்கு வேண்டுமென்று மணந்தனர், ஆட்டப் பலகையின்மேற் பணயமாக்கினர். உன் விருப்பம் யாது என்று கேட்டபோது அவள் சொன்னது மறுப்பே.

நமக்கு முன்னே இக்கதையைக் கையாண்டவர் தத்தமக்கு ஏற்ற விடையைத் தந்தனர். பியோனா மக்லவுட் என்னும் புனைபெயரில் எழுதிய வில்லியம் ஷார்ப், 1900-இல் வெளியிட்ட ‘இறவா நேரம்’ என்னும் நாடகத்தில், ஏடாயின் மிடிரைப் பின்தொடர்ந்து செல்ல, அரசன் உயிர்நீங்குவதோடு திரையை வீழ்த்தினார். ரட்லண்ட் பாட்டன் அதனை இசைநாடகமாக்க, அது 1914-இல் கிளாஸ்டன்பரியில் அரங்கேறி, 1922-இல் தொடங்கி லண்டனில் 216 முறை தொடர்ந்து நடிக்கப்பெற்றது. கவிஞர் யேட்ஸ் தம் ‘இரண்டு அரசர்’ என்னும் பாடலில், அரசி தேவனை மறுத்து மானிடக் கணவனையே விரும்பியதாக அமைத்தார். இரண்டும் சிறந்தனவே. ஆயின், பழைய ஏடு இவ்விரண்டு இடத்திலும் நின்றுவிடவில்லை. அன்னங்கள் பறந்த பின்னரும் கதை நடக்கின்றது.

எயோகைத் தேவர் வாழும் மண்மேடுகளைத் தோண்டத் தொடங்குகின்றான். இடர் பொறாத மிடிர் அவளைத் திருப்பித் தருவதாக வாக்களித்து, உருவத்திலும் உடையிலும் ஏடாயினை ஒத்த ஐம்பது பெண்களை நிறுத்தி, உன் மனைவியைத் தெரிந்துகொள் என்கின்றான். பானம் வார்த்துக் கொடுப்பதில் அவளை ஒப்பார் இலர் என்பதைக்கொண்டு அரசன் ஒருத்தியைத் தேர்ந்து அழைத்துச் செல்கின்றான். பின்னொரு நாள் மிடிர் வந்து உண்மையைக் கூறுகின்றான்: ஏடாயின் இங்கிருந்து செல்லும்போதே கருவுற்றிருந்தாள், நீ அழைத்து வந்தது அவள் பெற்ற உன் மகளை. அவ்வறியாமையாற் பிறந்த பெண்மகவு காட்டில் எறியப்பட்டு, மாடு மேய்ப்பவன் குடிலில் வளர்கின்றது.

நம் மாணவர் நளவெண்பாவிற் கற்ற சுயம்வரக் காட்சியை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். அங்கும் ஒரே உருவினர் பலர் நிற்கின்றனர். ஆயின் தேர்வோள் தமயந்தி. கண் இமைத்தலும் கால் நிலந்தோய்தலும் முதலாய மானிடக் குறிகளால் அவள் தன் நளனை அறிந்து மாலை சூட்டுகின்றாள். இங்கே தேர்வோன் அரசன். அவன் மனைவியைப் பற்றி நினைவிற் கொண்டிருந்தது அவள் செய்த பணியின் நயம் ஒன்றே. ஆதலின் தவறினான். சூழ்ச்சியாற் பெற்றவனும் ஆட்டத்தில் இழந்தவனும் செய்த செயல்களுக்கு விலை கொடுத்தவள், ஒரு பிழையும் அறியாத மகள். அக்கணக்கைப் பழைய ஏடு மறைக்காது எழுதிவைத்துள்ளது.

எமது கையெழுத்துப் பிரதியைப் படித்த நண்பர் ஒருவர், “அன்னங்கள் பறந்ததோடு முடித்துவிடும், வாசகர் மனநிறைவோடு நூலை மூடட்டும்” என்றார். பதிப்பாளர் ஒருவரும் அதனையே கூறி, அவ்வாறு முடிப்பின் உடனே அச்சிடுவதாகவும் சொன்னார். இரண்டு நாள் எண்ணிப் பார்த்து, இயலாது என்று எழுதினோம். பிரதி இன்றும் எம் அலமாரியிலேயே இருக்கின்றது. அன்னங்களோடு நிறுத்தினால், மறுத்த பெண்ணைக் கவர்ந்து சென்றதையே யாம் காதல் எனப் போற்றியவராவோம். எமது நவீனத்தின் மூன்றாம் பாகம் அம்மகளின் வாயிலாகவே நடைபெறுகின்றது. தாயையும் தந்தையையும் மிடிரையும் அவள் வினவுகின்றாள். அவ்வினாக்களே நூலின் முடிவு.

இனி எழுதுமுறை பற்றிச் சில கூறுவோம். ஏடு பேசிய இடத்தில் யாம் அதனை மாற்றுவதில்லை. ஏடு மௌனமாக இருக்கும் இடத்திலேயே எம் கற்பனையைப் புகுத்துகின்றோம். கூரையின் வழியே எழும்போது ஏடாயின் என்ன எண்ணினாள் என்று ஏடு சொல்லவில்லை. அங்கே எமக்கு ஓர் அதிகாரமே கிடைத்தது. பெயர்களை ஆங்கில எழுத்துக்கூட்டலை நோக்காது, கூடியமட்டும் ஒலியை நோக்கித் தமிழில் எழுதுகின்றோம். ரோவன் மரத்தை வேம்பு ஆக்கவில்லை. அயர்லாந்தின் கரிய சதுப்பு நிலத்தை வயல் ஆக்கவும் இல்லை.

அந்நிலம் கதைக்கு இன்றியமையாதது. ஆட்டத்தில் தோற்றதற்கு ஈடாக மிடிர் ஓர் இரவில் சதுப்பின் மேல் பாதை அமைத்துக் கொடுத்தான் என்பது கதை. மிடிரின் மண்மேடு இருப்பதாகச் சொல்லப்படும் லாங்போர்டு மாவட்டத்திலேயே, கார்லியா என்னுமிடத்தில், சதுப்பின் அடியில் ஓக் பலகைகளால் அமைந்த அகன்ற பாதை ஒன்று 1980-களில் அகழ்ந்து எடுக்கப்பட்டது. மரத்தின் ஆண்டு வளையங்களைக் கொண்டு, அம்மரங்கள் கி.மு. 148-ஐ ஒட்டி வெட்டப்பட்டவை என்று கணித்தனர். கதையில் வரும் பாதையோடு அதனை இணைத்துக் கூறும் அறிஞரும் உளர். அற்புதக் கதையின் அடியில் இத்தகைய கெட்டியான பலகை கிடப்பதை அறிந்தபின், புனைவோன் கை சற்று நிதானப்படுகின்றது.

அயல்நாட்டுத் தெய்வக் கதையைத் தமிழில் எழுதுதல் எற்றுக்கு என்பார்க்கும் ஒன்று சொல்வோம். அயர்லாந்தின் பெருங்காப்பியக் கதையாகிய ‘டாயின்’ என்பதை லைன்ஸ்டர் ஏட்டில் எழுதிய எழுத்தாளர், இறுதியில் இரண்டு குறிப்புக்கள் வரைந்தார். ஐரிஷ் மொழியில் எழுதிய முன்னதில், இதனை மாற்றாது நினைவிற் காப்பவரை வாழ்த்தினார். இலத்தீனில் எழுதிய பின்னதில், இக்கட்டுக்கதையைத் தாம் நம்பவில்லை என்றார். நம்பாதவரும் மாற்றாமற் காத்தார். அதனாலன்றோ அது நம் கைக்கு வந்தது? எழுதப் புகும் இளைஞர் எந்நாட்டுக் கதையை எடுப்பினும், அதன் அழகை மட்டும் எடுத்துக்கொண்டு விலையை விட்டுவிடாது இரண்டையும் சேர எடுப்பாராக. அங்ஙனம் எழுதிய நூல் அச்சேறச் சிறிது காலம் தாழ்க்கலாம், தாழ்த்தாலும் இழிவன்று.