ஐந்து சென்ட் நிலமும் ஒரு மணி நேர வாடகையும்

பேடல் என்ற மட்டை ஆட்டம் ஆட இடம் தேடி வாலாஜாபாத்திலிருந்து புறப்படுகிறவருக்கு நான்கு சாலைகள் இருக்கின்றன. மேற்கே காஞ்சிபுரம். அங்கே ஷட்டில் கோர்ட் கிடைக்கும், கால்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் டர்ஃப் கிடைக்கும். தென்கிழக்கே செங்கல்பட்டு, வடக்கே சுங்குவார்சத்திரம், கிழக்கே ஒரகடம், படப்பை, மண்ணிவாக்கம் வழியாக வண்டலூர். எந்தச் சாலையைப் பிடித்தாலும் வண்டி கடைசியில் சென்னைப் பக்கம்தான் திரும்பியாக வேண்டும். வண்டலூருக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல். அதைத் தாண்டி நகரத்துக்குள் நுழைந்து, கண்ணாடிச் சுவர் வைத்த கோர்ட் இருக்கும் வசதியான பகுதி வரை போக வேண்டும். ஊர் சிறியது, ஆட்டம் புதியது, அதனால் இல்லை என்று இதற்குச் சுலபமாகக் காரணம் சொல்லிவிடலாம். அந்தக் காரணம் நிற்காது என்பதே என் கட்சி. இங்கே நிலமும் உண்டு, ஆட வயதுள்ளவர்களும் உண்டு. கோர்ட் எங்கே வரவேண்டும் என்பதை மணிக்கணக்கு வாடகைதான் முடிவு செய்கிறது.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். 1969இல் மெக்சிகோவின் அகபுல்கோவில் என்ரிகே கோர்குவேரா என்பவர் இந்த ஆட்டத்தைத் தொடங்கினார். வீட்டில் டென்னிஸ் கோர்ட்டுக்கு இடம் போதவில்லை. பந்து வெளியே ஓடாமலிருக்கச் சுவர் எழுப்பி, அந்தச் சுவரையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார். ஆக, இடப் பற்றாக்குறையிலேயே பிறந்த ஆட்டம் இது. இன்றைய கோர்ட்டின் நீளம் 20 மீட்டர், அகலம் 10 மீட்டர். நம் கணக்கில் ஐந்து சென்ட். ஒரு கிரவுண்டுக்குள் அடங்கிவிடும். டென்னிஸுக்கோ, கோட்டுக்கு வெளியே ஓடியாடும் இடத்தையும் சேர்த்தால் மூன்று கிரவுண்டு வேண்டும். வாலாஜாபாத்தைச் சுற்றி மனைப்பிரிவு போடாத கிராமம் அரிது. அப்படிப்பட்ட வட்டாரத்தில் ஐந்து சென்ட் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

செலவு மண்ணில் இல்லை, அதன் மேல் நிற்பதில் இருக்கிறது. பின்பக்கம் மூன்று மீட்டர் உயரத்துக்குக் கெட்டிக் கண்ணாடி, அதற்கு மேல் ஒரு மீட்டர் கம்பிவலை, இரும்புச் சட்டம், செயற்கைப் புல், இரவுக்கு விளக்கு. இவ்வளவையும் போட்ட தனியார், முதலீட்டை மணிக்கணக்கில்தான் திரும்ப எடுக்க முடியும். ஒரு நேரத்தில் ஆடுவது நான்கே பேர் என்பதால் வாடகையை நான்காகத்தான் பங்கிடலாம். மாலை ஸ்லாட் எங்கே விற்குமோ அங்கேதான் கோர்ட் முளைக்கும். இதில் முதலீட்டாளரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பொது இடத்துக்கும் இதே கணக்கைப் போட்டால் என்ன ஆகும் என்பதைச் சென்னை பார்த்திருக்கிறது. 2024 அக்டோபரில் மாநகராட்சி தன் கால்பந்து டர்ஃப்களைத் தனியாரிடம் விட்டு, ஓர் ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பிய வேகத்தில் அது திரும்பப் பெறப்பட்டது. தினமும் ஆடுகிற பையனுக்கு அந்தத் தொகை மாதத்துக்கு 3,600 ரூபாய் ஆகும் என்பதை அங்கே யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆட ஆளில்லை என்பதும் சரியல்ல. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரகடம் சாலையில் வரிசை கட்டும் கம்பெனி பஸ்களே அதற்குச் சாட்சி. ரெனோ, டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு என்று அந்தச் சாலையில் சம்பாதிக்கும் இளவயதினர் ஏராளம். பக்கத்து வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக மட்டும் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு 2024இல் திறக்கப்பட்டது. இவ்வளவு பேர் ஒரே இடத்தில் வாழும் வட்டாரத்தை, ஆட்டத்துக்கு ஆள் சேராத நாட்டுப்புறம் என்று ஒதுக்குவது நியாயமா? வேலைக்கு வேண்டும் என்றால் இந்தப் பகுதி இடம் கொடுக்கத் தயங்கியதே இல்லை. நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய வாலாஜாபாத், கிழக்கிந்தியக் கம்பெனியின் படைமுகாமுக்கு இடம் கொடுத்தது. காஞ்சி நெசவாளர் தெருவில் பாவு நீட்டியிருந்தால் வண்டிக்காரர் ஒதுங்கித்தான் போவார். அதை இடைஞ்சல் என்று எவரும் சொல்வதில்லை. சிப்காட் தொழிற்பூங்காவுக்கு ஏக்கர் ஏக்கராக நிலம் எடுக்கப்பட்டது. ஓய்வு மட்டும் அவரவர் காசில் பார்த்துக்கொள்ள வேண்டிய சங்கதியாக விடப்பட்டிருக்கிறது.

ஓர் ஆட்டம் பணக்காரர் வளாகத்தைத் தாண்டி வெளியே வருவது எப்படி என்பதற்கு ஸ்பெயின் நல்ல உதாரணம். 1974இல் மார்பேயா என்ற கடற்கரை ஊரின் உல்லாச கிளப்புக்குத்தான் பேடல் முதலில் வந்தது. அது பரவியதோ அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொது முற்றங்களிலும் நகராட்சி விளையாட்டுக் கூடங்களிலும் கோர்ட் வந்த பிறகு. அவ்வளவு தூரம் போகாமல் சென்னை ஸ்குவாஷையே எடுத்துக்கொள்ளலாம். கிளப்புக்குள் அடைந்து கிடந்த அந்த ஆட்டத்துக்கு 2000இல் நேரு பூங்காவில் அகாடமி வந்தது. ஜோஷ்னா சின்னப்பா, தீபிகா பள்ளிக்கல் போன்றவர்கள் அங்கே பயின்று உலக அளவுக்குப் போனார்கள். 2023இல் உலகக் கோப்பைப் போட்டிக்காகச் சென்னையின் வணிக வளாகம் ஒன்றுக்குள்ளேயே கண்ணாடிக் கோர்ட் நிறுத்தப்பட்டது. முன்கூட்டியே இருந்த ஆர்வம் கோர்ட்டைக் கொண்டுவரவில்லை. கோர்ட் வந்த பிறகே ஆர்வம் கூடியது.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். கபடியும் வாலிபாலும் இருக்கும் மண்ணில் இந்த வெளிநாட்டு மோகம் எதற்கு என்பது முதலாவது. வாலிபாலும் கிரிக்கெட்டும் வெளியிலிருந்து வந்தவைதாம். ஆட்டத்தின் பிறப்பிடத்தைப் பார்ப்பதைவிட, அது யாரை உள்ளே விடுகிறது என்று பார்ப்பது மேல். பேடலில் சர்வீஸை இடுப்புக்குக் கீழிருந்துதான் போட வேண்டும். அடிக்கத் தவறிய பந்தைப் பின்சுவர் திருப்பித் தரும். அதனால் கைப்பலம் இல்லாதவரும், முப்பது வயதுக்கு மேல் முதல்முறை மட்டை பிடிக்கிற பெண்ணும் சீக்கிரமே ஆட்டத்துக்குள் வந்துவிடலாம். இரண்டாவது மறுப்பு கனமானது. 18 மீட்டருக்கு 9 மீட்டர் வாலிபால் கோர்ட்டில் பன்னிரண்டு பேர் ஆடுகிறார்கள். அதைவிடப் பெரிய இடத்தில், பல மடங்கு செலவில், நான்கு பேருக்கு வசதி செய்வது பொதுப்பணத்துக்கு அழகா? இல்லை என்றே ஒப்புக்கொள்கிறேன். பேரூராட்சியின் கையில் இருப்பது ஐந்து சென்ட்தான் என்றால் அங்கே கம்பம் நட்டு வலை கட்டுவதே சரி.

ஆனால் அந்தக் கணக்கு பேரூராட்சிக்குத்தான் பொருந்தும், சிப்காட்டுக்குப் பொருந்தாது. தொழிற்பூங்காவுக்கும் தொழிலாளர் குடியிருப்புக்கும் வரைபடம் போடும்போதே கேன்டீனுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் இடம் குறிக்கிறார்கள். அதோடு ஒரு விளையாட்டு வளாகத்தையும் குறித்தால் வாலிபாலுக்குப் பக்கத்தில் ஷட்டிலும், ஷட்டிலுக்குப் பக்கத்தில் பேடலும் வரலாம். பகல் ஷிஃப்ட் முடிந்தவர் மாலையிலும், இரவு ஷிஃப்ட் முடிந்தவர் காலையிலும் ஆடினால் கோர்ட் சும்மா கிடக்கும் நேரமும் குறையும். தனியார் கோர்ட்டைப் பகலில் காலியாக வைத்திருக்கும் சிக்கல், மூன்று ஷிஃப்ட் ஓடும் இந்த வட்டாரத்தில் எழவே எழாது. அந்த வளாகம் வரும்வரை வாலாஜாபாத்துக்காரர் வண்டலூர் தாண்டித்தான் போக வேண்டும். அப்படிப் போகிற வழியில், கண்ணாடிச் சுவரை நகரத்துக்குப் போய்த் தேட வேண்டியதில்லை, ஒரகடத்தில் கேட்டாலே போதும் என்பது அவருக்கு விளங்கும்.