பேரன் ஓட்டும் கார்

பிள்ளைகளின் விளையாட்டைக் குறைகூறாத பெற்றோர் எக்காலத்தில் இருந்தனர்? முன்பு தெருவில் ஆடினார்கள் என்று குறை. இப்போது திரையில் ஆடுகிறார்கள் என்று குறை. ஆடுவதோடும் அவர்கள் நிற்பதில்லை. தாம் ஆடும் வீடியோ விளையாட்டைப் பிறர் காணும்படி நேரலையாக ஒளிபரப்பவும் செய்கிறார்கள். இதனை வீண் வேலை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காரணம் என் தந்தையார்.

அவருக்கு வயது எண்பத்தொன்று. அம்பாசமுத்திரத்தை அடுத்த சிற்றூரில் இருக்கிறார். என் மகன் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். தொலைபேசியில் "தாத்தா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்ட பிறகு அவனுக்கு வேறு பேச்சு ஓடாது. ஆனால் சனிக்கிழமை இரவுகளில், தில்லியிலும் புனேயிலும் உள்ள நம்மவர் வீட்டுப் பிள்ளைகளோடு திரையில் மோட்டார்ப் பந்தயம் ஓட்டும்போது, இரண்டு மணி நேரம் தமிழிலேயே வர்ணனை செய்கிறான். பேரன் ஓயாமல் தமிழ் பேசுவதைத் தாத்தா கேட்க வாரத்தில் வாய்ப்பது அந்த இரண்டு மணி நேரந்தான்.

அவருக்கு வந்து சேர்ந்ததோ கட்டங்கட்டமாகச் சிதறிய படம். நடுவே திரையில் ஒரு சிறு வட்டம் சுழன்றுகொண்டிருக்கும். "ஏலே, நிக்கிறது உன் காரா, என் போனா?" என்று ஒருநாள் கேட்டார்.

இரண்டும் அல்ல. நேரலையில் விநாடிக்கு முப்பது அல்லது அறுபது படங்கள் செல்கின்றன அல்லவா? அத்தனையும் முழுப்படங்களாகச் செல்வதில்லை. ஒரு முழுப்படம் சென்றபின், அதிலிருந்து மாறிய பகுதிகளே பெரும்பாலும் அனுப்பப்படுகின்றன. கார் நிற்கும்போது மாற்றம் சிறிது. படம் பளிச்சென்று இருக்கும். பந்தயம் தொடங்கியதும் சாலை, மரம், வேலி எல்லாம் பின்னோக்கி ஓடுகின்றன. அனுப்ப வேண்டிய தரவு பெருகிவிடுகிறது. ஒதுக்கிய அளவு போதாதபோது படம் கட்டங்களாக உடைகிறது. 1080 வரிகள், விநாடிக்கு 60 படங்கள் என்னும் தரத்திற்கு ஏறத்தாழ 6 மெகாபிட் வேகம் இடைவிடாமல் வேண்டும். எங்கள் வீட்டு இணைப்பில் இறக்கும் வேகம் தாராளம்; ஏற்றும் வேகம் சொற்பம். விளம்பரத்தில் முதலாவதை மட்டுமே பெரிய எழுத்தில் போடுகிறார்கள்! அந்தச் சொற்பமும் இரண்டு சுவர்களைக் கடந்து வைஃபையில் வந்தது.

ஆகவே முதல் வைத்தியம் வீட்டிலேயே நடந்தது. ரவுட்டரிலிருந்து கணினிக்கு நேராகக் கம்பி இழுத்தோம். ஓபிஎஸ் என்னும் இலவச மென்பொருளில் தரத்தை 720 வரிகள், 30 படங்கள், 3 மெகாபிட் நிலையான வேகம் என்று குறைத்தோம். இரண்டு விநாடிக்கு ஒரு முழுப்படம் செல்லும்படி வைத்தோம். தரத்தைக் குறைத்ததும் படம் தெளிந்தது! மகனுக்குத்தான் இது கௌரவக் குறைவாகத் தோன்றியது.

ஆயினும் தாத்தாவின் ஊரில் 3 மெகாபிட் எப்போதும் கிடைப்பதில்லை. தீபாவளிக்கு வீட்டிலுள்ள அனைவருக்கும் ஒரே அளவில் சட்டை தைத்தால் எப்படியோ, அப்படித்தான் ஒரே அளவில் படம் அனுப்புவதும். இங்கேதான் மேகக்கணிச் சேவை உதவிற்று. நாம் அனுப்பும் ஒரே படத்தை அங்குள்ள கணினிகள் உடனுக்குடன் 720, 480, 360, 160 வரிகள் எனப் பல அளவுகளில் மறு ஆக்கம் செய்து, சில விநாடித் துண்டுகளாக நறுக்கி வைக்கின்றன. பார்ப்பவரின் கருவி தன் வேகத்திற்கு ஏற்ற துண்டை எடுத்துக்கொள்கிறது. வாடகைக் கணினிகளில் இவற்றையெல்லாம் நாமே நிறுவலாம். ஆனால் நள்ளிரவில் ஒன்று நின்றுவிட்டால் யார் எழுந்து பார்ப்பது? அந்தப் பாரத்தையும் தாமே சுமப்பதுதான் இத்தகைய சேவைகளின் பயன். நண்பர் ஒருவரின் மகள், பொறியியல் மாணவி, அமேசானின் ஐ.வி.எஸ். சேவையைக் கொண்டு பிள்ளைகளுக்கென்று ஒரு பக்கம் அமைத்துக் கொடுத்தாள். 2014-இல் அமேசான் வாங்கிய ட்விட்ச் நிறுவனத்தின் நுட்பத்தை அடிப்படையாகக் கொண்டு 2020-இல் வெளிவந்தது அச்சேவை. யார் முன்னே, யார் பின்னே என்ற பட்டியலும் படத்தோடு ஒத்து மாறுகிறது. முன்பு அரை நிமிடம் பிந்தி வந்த காட்சி இப்போது ஐந்தாறு விநாடிகளில் வந்துவிடுகிறது. "சுவரில் மோதப் போறே!" என்று தாத்தா எச்சரிக்கும்போது, கார் மோதி வெகுநேரம் ஆகியிருந்த காலம் போயிற்று.

இவ்வாறு செய்ய விரும்பும் அன்பர்கள் கவனிக்க: அந்தச் சேவையில் மறு ஆக்கம் செய்யாமல் வந்ததை வந்தபடி கடத்தும் மலிவான வகையும் உண்டு, சிக்கனம் கருதி அதை எடுத்தால் இந்தப் பயன் கிட்டாது. கட்டணத்திற்கு மீட்டர் இரண்டு: நாம் அனுப்பும் நேரத்திற்கு ஒன்று, பார்ப்பவர்கள் பார்க்கும் நேரத்திற்கு மற்றொன்று. பத்துப் பன்னிரண்டு பேர் பார்த்தால் பெரிய செலவில்லை. ஊரெல்லாம் பார்த்தால் கை கடிக்கும். ஊரெல்லாம் பார்க்கத்தான் வேண்டும் என்பவர்களுக்கு யூடியூப் போதும். பல அளவுகளாக்கும் வேலையை அதுவே செய்துவிடும். எதுவாயினும், வீட்டிலிருந்து சிதைந்து புறப்பட்ட படத்தை எந்த மேகமும் செப்பனிட்டுத் தராது. மங்கிய ஒன்றை அனுப்பினால் மங்கிய நான்கு கிடைக்கும், அவ்வளவே.

இதில் என்னை மிகவும் சிந்திக்கவைத்தது ஒன்று. குரலுக்கு வேண்டிய வேகம் மிகச் சிறிது. படத்திற்கு வேண்டியதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் குரலும் படமும் ஒரே துண்டில் கட்டுண்டு வருவதால், படம் நின்றால் குரலும் நின்றுபோகிறது. தாத்தா கேட்க விரும்பிய குரலை, அவருக்குச் சரியாகப் புரியாத அந்தக் கார்ப் படம் இத்தனை நாள் வழிமறித்து வைத்திருந்தது! இப்போது அவருடைய கைப்பேசி பெரும்பாலும் 360 வரிகளில் இறங்கி நிற்கிறது. காரின் எண்கூடத் தெரியாது. குரல் மட்டும் ஓரிடத்திலும் அறுவதில்லை.

சென்ற சனிக்கிழமை பந்தயம் முடிந்ததும் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. "ஏலே, லெஃப்ட்ல ஓவர்டேக்குன்னு ஏன் சொல்லுதே? இடப்பக்கமா முந்திட்டேன்னு சொல்லு." பேரன் ஒப்புக்கொண்டான், ஆனால் பிரேக்குக்கு என்ன சொல்வது என்று திருப்பிக் கேட்டுவிட்டான். அடுத்த சனிக்கிழமைக்குள் சொல்வதாகத் தாத்தா தவணை வாங்கியிருக்கிறார்.