உப்பேரிக் கரையின் புதிய தேள்

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய மூன்று மணி நேரம் கார் ஓட்டினால் கரிசோ சமவெளி. வசந்தத்தில் மஞ்சள் பூக்களைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும் இடம். நடுவே சோடா ஏரி. வந்து சேரும் மழைநீர் வெளியேற வழியில்லாமல் வெயிலில் வற்றி, ஏரி வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்துக் கிடக்கிறது. நாங்கள் போனது பூவுக்காக அல்ல, தேளுக்காக.

இருட்டிய பிறகு புறஊதா டார்ச்சுடன் கரையோரம் நடந்தோம். அந்த ஒளி பட்டால் தேளின் மேலோடு நீலம் கலந்த பச்சையாக ஒளிரும். ஒரு குத்துச்செடியின் அடியில், விரல் நீளம்கூட இல்லாத ஒன்று பளிச்சென்று தெரிந்தது. இடுக்கிகளை முன்னே விரித்து, வாலை ஒருபக்கமாகச் சாய்த்து, அசையாமல் நின்றது. சாதாரண டார்ச்சை அடித்தோம், மண்ணோடு மண்ணாகிவிட்டது.

இந்தக் கரைக்கே உரிய ஒரு தேளுக்கு 2022இல்தான் பெயர் வைத்தார்கள்: பாருரோக்டோனஸ் சோடா. இயற்கை ஆர்வலர்கள் கூடும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் யார் யாரோ ஏற்றியிருந்த படங்களைத் துழாவி, தெரிந்த எந்த இனத்தோடும் பொருந்தாத தேள்களைக் கவனித்தவர்கள் பிரகிருத் ஜெயின், ஹார்ப்பர் ஃபோர்ப்ஸ் என்ற இரு பள்ளி மாணவர்கள். கலிபோர்னியா அறிவியல் அகாதமியின் லாரன் எஸ்பொசிட்டோவுடன் சேர்ந்து ஜூகீஸ் ஆய்விதழில் எழுதினார்கள். மொஹாவி பாலைவனத்தில் கோன் ஏரிக்கரையில் வாழும் பாருரோக்டோனஸ் கன்க்ளூசஸ் என்ற இன்னொரு இனமும் அதே கட்டுரையில்தான் அறிமுகமானது.

படம் சந்தேகத்தைக் கிளப்பும், தீர்ப்புச் சொல்லாது. தேளைப் பிடித்து, ஆல்கஹாலில் பாதுகாத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். வயிற்றடியில் சீப்பு வடிவில் இருக்கும் உணர்வுறுப்பின் பற்களை எண்ண வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்தக் கணக்கு வேறு. இடுக்கியில் உணர்மயிர்கள் எங்கெங்கே முளைத்திருக்கின்றன, வால் கணுக்களில் வரம்புகள் எப்படி ஓடுகின்றன என்று குறித்து, நெருங்கிய இனங்களோடு ஒப்பிட வேண்டும். கடைசியில் ஒரு தேளை மூலமாதிரி என்று அறிவித்து அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். நாளை யாருக்கு ஐயம் வந்தாலும் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். ஆகவே, நாங்கள் டார்ச் வெளிச்சத்தில் கண்டது சோடாதான் என்று அடித்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

கரிசோ 2001 முதல் தேசிய நினைவுச் சின்னம் என்ற பாதுகாப்பில் இருக்கிறது, சோடா பிழைத்துக்கொள்ளும். கன்க்ளூசஸின் உலகமோ சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளக் கரை; சில இடங்களில் அகலம் சில அடிகள்தான். அங்கே பாதுகாப்பும் இல்லை. ஒரே ஒரு சூரிய மின்நிலையம் வந்தால் இனமே போய்விடும். பெயரில்லாத உயிருக்காக யாரும் மனுப் போட முடியாது. பெயர் வைப்பதன் பயன் அங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் வீட்டுச் சுவரில் தேளைக் கண்டால் செருப்பைத் தேடும் முன், கை வைக்காமல், எட்ட நின்று ஒரு படம் எடுங்கள். தேதியையும் இடத்தையும் சேர்த்து ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றுங்கள். பார்க்கத் தெரிந்த கண் ஒன்று என்றைக்காவது அதைப் பார்க்கும்.