ஒவ்வொரு குழிக்கும் ஒரு கணக்கு



அன்புச் சகோதர சகோதரிகளே! மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒருவன் கோல்ஃப் விளையாட்டைப் பற்றி எழுதப் புகுந்தால் உங்களுக்கு வியப்பாகத்தான் இருக்கும். நான் அவ்விளையாட்டை ஒரு நாளும் ஆடியவன் அல்லன். ஆனால் அதை ஆடுபவர்களின் பையைச் சில காலம் சுமந்திருக்கிறேன். அன்று காதில் விழுந்த பாடம் ஒன்று, முப்பது ஆண்டுகள் கழித்து, என் கையால் ஒரு பிள்ளைக்கு நேர்ந்த தவற்றைத் திருத்திக்கொள்ள உதவியது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

என் தாய்மாமா கிண்டியில் கேடியாக வேலை பார்த்தவர். கோல்ஃப் ஆடுபவரின் பையைச் சுமந்து, தூரம் சொல்லி, மட்டை எடுத்துக்கொடுப்பவருக்குக் கேடி என்று பெயர். நம் ஊரில் கேடி என்றால் போலீஸ் பட்டியலில் இருப்பவன் என்றல்லவா பொருள்! "உன் மாமா என்ன வேலை பார்க்கிறார்?" என்று பள்ளியில் கேட்டால் பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கும்.

கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் உட்புறத்தில் மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் 18 குழி கோல்ஃப் மைதானம் இருந்தது. எனக்குப் பதின்மூன்று வயதானபோது, பள்ளி விடுமுறை நாட்களில் மாமா என்னையும் உடன் அழைத்துச் செல்வார். படப்பையிலிருந்து பேருந்தில் தாம்பரம், அங்கிருந்து மின்சார ரயிலில் கிண்டி. ஃபஜ்ரு தொழுத கையோடு புறப்பட்டால்தான் முதல் ஆட்டக்காரர் வருமுன் போய்ச் சேர முடியும். ஆட்டக்காரர் சிலர் குழிக்கு இவ்வளவு என்று பணம் கட்டி ஆடுவார்கள். வென்றவர் மகிழ்ச்சியில் நீட்டும் பங்கை மாமா வாங்க மாட்டார். "கூலி மட்டும் போதும் சார்" என்று ஒதுங்கிக்கொள்வார். எழுதப் படிக்க அதிகம் அறியாத அவர், அந்த மைதானத்தின் ஒவ்வொரு குழிக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார்.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சிறு விளக்கம். ஓரிடத்தில் பந்தை வைத்து அடிக்கத் தொடங்கி, நானூறு ஐந்நூறு கஜம் தள்ளியிருக்கும் நாலேகால் அங்குல அகலமுள்ள குழிக்குள் அதை இட வேண்டும். எத்தனை அடியில் முடித்தோம் என்பதே கணக்கு. குறைவாக அடித்தவரே வென்றவர். ஒவ்வொரு குழிக்கும் மூன்று, நான்கு அல்லது ஐந்து என்று ஓர் அளவு உண்டு. அதற்குப் பார் என்று பெயர். 18 குழிகளுக்கும் சேர்த்துப் பெரும்பாலும் 72 வரும். வழியின் இருபுறமும் புதர் இருக்கும். இடையில் மணற்குழியும் நீர்நிலையும் குறுக்கிடும். நீரில் பந்து விழுந்தால் ஓர் அடி தண்டனையாகக் கூடும்.

புதிதாக வருபவர் எவரும் முதலில் பெரிய மட்டையை உருவி, பலங்கொண்ட மட்டும் அடிக்கவே விரும்புவார். மாமா வேறு விதமாகச் சிந்திப்பார். குழியை முதலில் பார்ப்பார். பிறகு பின்னோக்கி வருவார். இன்று கொடி வலப்புறம் இருக்கிறது, அப்பக்கம் மணல். ஆகவே இடப்புறத்திலிருந்து அடிப்பதே எளிது. அப்படியானால் முந்தைய அடி எங்கே விழ வேண்டும்? அங்கே விழ எந்த மட்டை போதும்? இப்படிக் கணக்கிட்டு வந்தால், பல குழிகளில் பெரிய மட்டைக்கு வேலையே இருக்காது.

அவர் எனக்குச் சொன்ன விதிகள் மூன்று. முதலாவது, ஒருவர் தம் வாழ்நாளில் அடித்த மிக நல்ல அடியை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. அவர் வழக்கமாக அடிக்கும் அடியை வைத்தே போட வேண்டும். நீரைக் கடக்க 170 கஜம் வேண்டும், பத்தில் இரண்டு முறைதான் அவ்வளவு தூரம் அடிப்பார் என்றால், நீருக்கு இப்பாலேயே நிறுத்திவிடுவதுதான் அறிவு. இரண்டாவது, தவறினாலும் அடுத்த அடி அடிக்க இடமுள்ள பக்கமாகத் தவற வேண்டும். மூன்றாவதே முக்கியமானது. புதருக்குள் பந்து விழுந்துவிட்டால், மரங்களின் இடுக்கு வழியே கொடியை நோக்கி அடிக்க ஆசைப்படக்கூடாது. பக்கவாட்டில் தட்டி முதலில் வெளியே எடுக்க வேண்டும். ஓர் அடிதான் நட்டம். ஆசைப்பட்டால் நான்கு அடி போகும்.

மாமா அனுபவத்தால் அறிந்ததைப் பிற்காலத்தில் கணக்காகவே நிறுவியிருக்கிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, தொழில்முறை ஆட்டக்காரர்களின் இலட்சக்கணக்கான அடிகளை ஆராய்ந்து 2014ல் ஒரு நூல் வெளியிட்டார். உலகின் சிறந்த ஆட்டக்காரர்களே எட்டடி தூரத்திலிருந்து உருட்டும் பந்துகளில் ஏறத்தாழப் பாதியைத்தான் குழியில் இடுகிறார்கள் என்பது அந்த ஆய்வுகளால் தெரியவந்தது. வல்லவர்களின் நிலை இதுவென்றால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுபவர் தம்மைப் பற்றி எவ்வளவு அடக்கமாக எண்ண வேண்டும்!

டெல்லி கோல்ஃப் கிளப்பின் லோதி மைதானத்தில் இருபுறமும் அடர்ந்த முட்புதர்கள். அங்கே தேர்ந்த வீரர்கள்கூட முதல் அடிக்குப் பெரும்பாலும் பெரிய மட்டையைத் தொடுவதில்லை. தூரத்தை விட்டுக்கொடுத்து நேர்மையான பாதையைப் பெற்றுக்கொள்கிறார்கள். அந்த மைதானத்தில் கேடியாக இருந்து வளர்ந்த அலி ஷேர் என்பவர்தான் 1991ல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர். 1993லும் அவரே வென்றார். பையைச் சுமந்தவனுக்கு மைதானத்தின் ஒவ்வொரு முள்ளும் தெரியும் அல்லவா?

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 1999ல் ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில், பிரான்ஸ் நாட்டின் ழான் வான் டி வெல்டே கடைசிக் குழிக்கு வரும்போது மூன்று அடி முன்னிலையில் இருந்தார். நான்கு அடிக் குழி அது. ஆறு அடித்தாலும் பட்டம் அவருக்கே. சிறு மட்டைகளால் மெல்ல மெல்லப் போயிருக்கலாம். அவரோ பெரிய மட்டையை எடுத்தார். பந்து வழி தவறியது. அடுத்த அடியையும் துணிந்து அடித்தார். பார்வையாளர் மேடையில் பட்டுத் திரும்பிப் புதரில் விழுந்தது. அங்கிருந்து அடித்தது ஓடைக்குள் போனது. காலணியைக் கழற்றிவிட்டு நீருக்குள் இறங்கி நின்ற அவர் படத்தை உலகமே பார்த்தது. ஏழு அடியில் முடித்தார். பின்னர் நடந்த கூடுதல் ஆட்டத்தில் பட்டம் பால் லாரிக்குப் போனது.

சகோதரர்களே! இவையெல்லாம் அறிந்திருந்த நான்தான் அதே தவற்றைச் செய்தேன்.

எங்கள் மத்ரஸாவில் ஹிஃப்ழு ஓதும் மாணவன் ஒருவன், வயது பதின்மூன்று. இருபத்திரண்டு ஜுஸ்வுகளை மனனம் செய்திருந்தான். எஞ்சியவை எட்டு, ஏறக்குறைய நூற்று அறுபது பக்கங்கள். நாளொன்றுக்கு ஒரு பக்கம் என்பதே அவன் இயல்பு. ரமளானுக்கு முன் பட்டமளிப்பு விழா வைக்க நிர்வாகத்தினர் தேதி குறித்தார்கள். அவ்விழாவில் அவனும் மேடையேற வேண்டும் என்று அவன் தந்தை விரும்பினார். அவரைவிட நான் அதிகமாக விரும்பினேன். ஒருமுறை அவன் ஒரே நாளில் இரண்டு பக்கங்களைத் தடையின்றி ஒப்பித்ததை வைத்துக் கணக்குப் போட்டேன். நாளுக்கு இரண்டு பக்கம், எண்பது நாளில் முடிந்துவிடும்!

முதல் இருபது நாட்கள் ஓடின. அதன் பிறகு, பழைய பாடங்கள் சரியத் தொடங்கின. ஐந்தாம் ஜுஸ்வில் தடுமாறினான். பத்தாம் ஜுஸ்வில் ஆயத்துகள் ஒன்றோடொன்று கலந்தன. அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். மாறாக, இஷாவுக்குப் பின் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார வைத்தேன். ஒரு நாள் காலை அவன் படுக்கை காலியாக இருந்தது. ஃபஜ்ரு ஜமாஅத்திலும் இல்லை. அந்த இரண்டரை மணி நேரம் எப்படிக் கழிந்தது என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். வண்டலூர் வாலாஜாபாத் சாலையில் ஒவ்வொரு நிறுத்தமாகத் தேடிக்கொண்டு போனேன். முடிவில் ஒரகடத்திலுள்ள அவன் நன்னி வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. பேருந்தில் ஏறி அங்கே போய்ச் சேர்ந்திருந்தான். அல்ஹம்துலில்லாஹ்.

நான் போனபோது அவன் என்னைப் பார்த்து அழவில்லை, சண்டையிடவுமில்லை. "ஹஜ்ரத், எனக்கு ஓதுனதெல்லாம் மறந்து போச்சு" என்று மட்டும் சொன்னான். அந்தச் சொல் இன்றும் என் நெஞ்சில் தைத்தபடி இருக்கிறது.

அன்று மாலை ஆலந்தூரில் இருக்கும் மாமாவைப் பார்க்கச் சென்றேன். இப்போது அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலி. அவர் நடந்து தேய்ந்த மைதானமும் இன்று இல்லை. 2024 செப்டம்பரில் அரசு குதிரைப் பந்தய மைதானத்தின் குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்துக்கொண்டது. நான் ஆலிம் பட்டம் பெற்ற நாளிலிருந்து அவர் என்னை நீங்கள் என்றுதான் அழைப்பார். எவ்வளவு தடுத்தும் கேட்பதில்லை.

நடந்ததை முழுதும் கேட்டுவிட்டு, "மருமவனே, அந்தப் புள்ளைக்கு வழக்கமா எத்தனை கஜம் போகும்?" என்றார்.

"ஒரு பக்கம், மாமா."

"நீங்க எந்த அடிய வெச்சுக் கணக்குப் போட்டீங்க?"

நான் தலைகுனிந்தேன்.

"சரி, பந்து இப்ப புதர்ல கெடக்கு. இன்னமும் கொடியையே பாக்குறீங்க. மொதல்ல பக்கவாட்டுல தட்டி வெளிய எடுங்க."

சற்றுப் பொறுத்து இன்னொன்றும் சொன்னார். கோல்ஃபில் ஹேண்டிகேப் என்று ஒரு முறை உண்டு. பதினெட்டு ஹேண்டிகேப் உள்ளவருக்குக் குழிக்கு ஓர் அடி கூடுதலாக அனுமதி. நான்கு அடிக் குழியை அவர் ஐந்தில் முடித்தால் அது அவருக்குத் தோல்வி அன்று. அதுவே அவருடைய பார். "அட்டையில அச்சடிச்சது எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆனா ஆளுக்கு ஆளு பார் வேற, மருமவனே."

மறுநாள் அவன் தந்தையிடம் போய், தவறு என்னுடையது என்று சொன்னேன். விழாவுக்கு உறவினர்களையெல்லாம் அழைத்துவிட்டிருந்தார். அவர் முகம் வாடியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆயினும், "புள்ளை முக்கியம் ஹஜ்ரத்" என்றார். மாணவனிடமும் மன்னிப்புக் கேட்டேன். ஓர் ஆசிரியருக்கு அது எளிதன்று, ஆனால் அவசியமாயிருந்தது.

அவன் திரும்பி வந்ததும் இரண்டு மாதங்களுக்குப் புதிய பாடமே தரவில்லை. முதல் ஜுஸ்விலிருந்து பழைய பாடங்களை மட்டும் கேட்டேன். அதன் பிறகு நாளுக்கு அரைப் பக்கம். தடுமாற்றம் கண்டால் அன்று புதியது கிடையாது, பழையதே பாடம். விழா நடந்தது. அவன் மேடையில் இல்லை. கீழே அமர்ந்து, பட்டம் பெற்ற தன் தோழர்களுக்கு ஸலாம் சொல்லிக் கைகொடுத்தான். அந்தக் காட்சி எனக்கு வருத்தமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. இதை எழுதும் நாளில் அவனுக்கு இன்னும் மூன்று ஜுஸ்வுகள் பாக்கி. ஆனால் ஓதியவை நிற்கின்றன.

இது ஹிஃப்ழு மாணவர்களுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. அண்டை வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை வைத்து நம் பிள்ளைக்குப் பாடத்திட்டம் போடுகிறோம். நல்ல மாதத்து வருமானத்தை வைத்துக் கடன் வாங்குகிறோம். தவறு நேர்ந்தபின், அதை ஒரே அடியில் சரிக்கட்டப் பார்த்து இன்னும் ஆழத்தில் விழுகிறோம். சிறிதாயினும் தொடர்ந்து செய்யும் அமலின் சிறப்பை எத்தனையோ ஜும்ஆ பயான்களில் நானே எடுத்துரைத்திருக்கிறேன். மேடையிலிருந்து இறங்கியதும் மறந்துவிட்டேன். பை சுமந்த ஒருவர் நினைவூட்ட வேண்டியிருந்தது.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இன்று பாடத்தில் தடுமாறிக்கொண்டிருக்கலாம். அவனை அதட்டுமுன், அவன் வழக்கமாக எட்டும் தூரம் எவ்வளவு என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளின் நெஞ்சங்களை விசாலமாக்குவானாக. அவர்களிடம் நிதானமாக நடந்துகொள்ளும் தவ்ஃபீக்கை நமக்குத் தருவானாக. என் மாமாவின் உடல்நலத்திற்காகவும் துஆ செய்யுங்கள். ஆமீன்.

வஸ்ஸலாம்.