துறைமுகத்துக்கு வடக்கே

சுற்றுலா என்ற சொல்லைக் கேட்டதும் நம் கல்லூரி மாணவர்களின் முகம் தெற்கே திரும்பிவிடுகிறது. மாமல்லபுரம், புதுச்சேரி, மிஞ்சினால் கொடைக்கானல். நம்மில் பெரும்பாலோர் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் பிறந்து வளர்ந்தவர்கள். ஆயினும் எண்ணூருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், "என்ன இருக்கு? கம்பெனிதான் இருக்கு" என்ற விடை ஒரே குரலில் வரும். அந்தக் கம்பெனிகளுக்கு நடுவிலும் அப்பாலும் இரண்டு இரவு, மூன்று பகல் சுற்றிவிட்டு வந்தவள் என்ற உரிமையில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நான் மணமானவள் என்பதை முதுகலை வரலாற்று வகுப்புத் தோழியர் அறிவர். என் கணவர் பற்றவைப்புத் தொழிலாளி. ஊர் வழக்கில் வெல்டர். வளைகுடா நாடு ஒன்றில், கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் அவருக்கு இரண்டாண்டு ஒப்பந்த வேலை கிடைத்து விசாவும் வந்துவிட்டது. அது 2025 பிப்ரவரி மாதம். புறப்படப் பன்னிரண்டு நாள்களே இருந்தன. "கடல் தாண்டிப் போறவன் குலதெய்வத்தப் பாக்காம போகக் கூடாது" என்றார் என் மாமியார். குலதெய்வமோ பழவேற்காட்டை அடுத்த ஒரு குப்பத்து அம்மன். பொன்னேரி வழியே பேருந்தில் போனால் காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம். ஆனால் கூடுமான வரை கடலை விட்டு விலகாமல் கரையோரமாகவே போகலாம், இருட்டினால் கூடாரம் அடிக்கலாம் என்பது என் யோசனை. மணமாகி இரண்டாண்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து வெளியூரில் ஓர் இரவு தங்கியதில்லை. நண்பர் ஒருவர் கூடாரத்தை இரவல் தந்தார். "வீடு வாசல் இல்லாதவங்களாட்டம் டேராவுலயா படுக்கப் போறீங்க?" என்று மாமியார் கேட்டதற்கு எங்களிடம் விடையில்லை. இருந்தும் புளிச்சோறு கட்டிக் கொடுத்தார்.

வண்டி என் மாமனாருடைய புல்லட். 1980களில் திருவொற்றியூர் ஆலையிலேயே உருவானது. அதற்கு இப்போது எங்கள் இருவரையும்விட வயது அதிகம். மரியாதையும் அதிகம் எதிர்பார்க்கும்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் புறப்பட்ட ராயபுரம் நிலையத்தையும், படகோட்டிகள் எழுப்பிய புனித ராயப்பர் தேவாலயத்தையும் தாண்டிக் காசிமேட்டுக்கு வந்தோம். விடியற்காலை ஏலம் முடிந்து பனிக்கட்டி உருகி ஓடிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் துறைமுகச் சுவர். வரலாற்று மாணவிக்கு இங்கே சற்று நிற்காமல் போக மனம் வருமா?

இந்தத் துறைமுகத்தின் கட்டுமான வேலை 1876இல் தொடங்கியது, 1881 புயல் அதைச் சிதைத்தது, மறுபடி கட்டினார்கள். நம் கரையோரத்தில் கடலுக்குள்ளேயே ஒரு மணலாறு ஓடுகிறது எனலாம். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிச் செல்கின்றன. வடகிழக்குப் பருவத்தில் சில மாதம் அது திரும்பி ஓடும். ஆண்டுக் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதே மிகுதி. அந்த ஆற்றின் குறுக்கே கல்சுவர் எழுந்ததும் மணல் தெற்கே தேங்கியது. அகன்று விரிந்து கிடக்கும் மெரினா அப்படி வளர்ந்ததுதான். தெற்கே வரவு என்றால் வடக்கே செலவு. சுண்டல் தின்றுகொண்டு மெரினாவில் காலாற நடக்கிறவர்கள் நடப்பது ராயபுரத்து மணலின் மேல் என்று நான் சொன்னால் தோழியர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

என் பாட்டியின் வீடு இருந்த தெரு திருவொற்றியூர்க் கடலுக்குள் இருக்கிறது. "அதோ அந்த அலை ஒடையுதே, அங்கதான் அடுப்பங்கரை" என்று பாட்டி கையை நீட்டிக் காட்டுவார். இப்போது அங்கே கருங்கற்களைக் கொட்டிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்கரைகளும் உண்டு. நம் மக்கள் அவற்றைத் தூண்டில் வளைவு என்கிறார்கள். பொருத்தமான பெயர்! மீனுக்குப் பதிலாக மணலைப் பிடிக்கும் தூண்டில். சில வளைவுகளின் ஓரம் மணல் சிக்கிச் சிறு கரை உண்டாகியிருக்கிறது. பிள்ளைகள் அதில் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

திருவொற்றியூரில் தியாகராசர் கோயிலுக்குள் போய் வந்தோம். இங்கேதான் சுந்தரர் சங்கிலியாரை மணந்தார். உன்னைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். திருவாரூர் நினைப்பு வரவே சத்தியத்தை மீறி ஊரெல்லையைத் தாண்டினார். தாண்டியதும் இரு கண்ணும் போயின என்கிறது பெரியபுராணம். ஒரு கண் காஞ்சியிலும் மறு கண் ஆரூரிலும் திரும்பக் கிடைத்தது. மாசி மாதத்தில் மகிழடி சேவை என்று இன்றும் விழா எடுக்கிறார்கள். வெளியே வந்து வண்டியை உதைக்கும்போது, "எந்த மரத்தடியில சத்தியம் வாங்கப் போற?" என்றார் என் கணவர். "வெல்டருக்குக் கண்ணுதான் மூலதனம். சத்தியமெல்லாம் வேணாம், கண்ணாடியப் போட்டுக்கிட்டு வேலை செய்யுங்க" என்றேன். சிரித்தார். எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

அங்கிருந்து எண்ணூர் வரை எங்களுக்கு வழித்துணை கண்டெய்னர் லாரிகள். அவற்றின் நடுவே புல்லட் ஓர் எறும்பு. அசோக் லேலண்ட் ஆலையைக் கடந்தோம். 1970இல் மின்சாரம் தரத் தொடங்கி 2017இல் மூடப்பட்ட பழைய அனல்மின் நிலையத்தின் இடத்தைக் கடந்தோம். ஆங்கிலேயர் படகு விட்டு இளைப்பாற வந்த ஊர் எண்ணூர் என்றால் இன்று நம்புவது கடினம். முகத்துவாரத்தில் நின்று பார்த்தால் நம்பலாம். ஒரு பக்கம் கொசஸ்தலையாறு வந்து சேர்கிறது, எதிரே கடல், நடுவில் வெண்மணல் திட்டு. 2017 சனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியபோது வாளியால் அள்ளினார்களே, அந்தக் கரை இது. 2023 டிசம்பர்ப் பெருமழையின்போது மறுபடியும் எண்ணெய், ஆற்றுக்குள்ளேயே வந்தது. அலையாத்திச் செடிகளின் அடித்தண்டில் கறுப்புக் கோட்டை நாங்கள் கண்ணாரப் பார்த்தோம்.

ஆற்றில் இருளர் குடும்பம் ஒன்று இறால் தடவிக்கொண்டிருந்தது. வலை கிடையாது. கழுத்தளவு நீரில் கையால் சேற்றைத் துழாவி, அகப்பட்ட இறாலை வாயில் கடித்திருக்கும் ஓலைப் பறிக்குள் போடுகிறார்கள். பின்னால் புகைபோக்கிகள். சாம்பல் கரைந்து வந்து ஆறு மேடிட்டுவிட்டது, முன்பு நிலைகொள்ளாத இடத்தில் இப்போது முழங்கால் நீர் என்றார் அந்தப் பெண். அவர் குரலில் கோபம் இல்லை; தெரு அடையாளம் சொல்வது போலச் சொன்னார்.

பாலத்தைத் தாண்டி அத்திப்பட்டு புதுநகர், பிறகு காட்டுப்பள்ளி. இங்கே வந்ததும் என் கணவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். 2011இல், காட்டுப்பள்ளித் துறைமுகம் எழுந்துகொண்டிருந்த காலத்தில், அவர் ஓர் ஒப்பந்தக்காரரிடம் உதவியாள். தொழில் கற்றதே அங்கேதான். நான் கடலிடம் வீட்டைக் கொடுத்த குடும்பம்; அவர் கடலில் கல்லும் இரும்பும் இறங்கிய இடத்தில் சோறு கண்டவர். இரண்டாண்டாக ஒரே வீட்டில் இருந்தும் இதை நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

துறைமுக மதிலைத் தாண்டிய சற்று நேரத்தில் நாடு மாறிவிடுகிறது, தோழர்களே! ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். நடுவே மணல் முதுகில் ஒற்றைச் சாலை. காளாஞ்சி, கருங்காலி, கோரைக்குப்பம் என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குப்பங்கள். சவுக்கு, பனை, இராவணன் மீசைப் புல். சங்க இலக்கிய வகுப்பில் நெய்தல் திணைக்கு உரியதாகப் படித்த அடும்பங்கொடி ஊதாப் பூவோடு காலடியில் கிடந்தது. மனித நடமாட்டமே இல்லாத நீண்ட கரை, சென்னைக்கு இவ்வளவு அருகில்! ஓரிடத்தில் சாலையின் பாதியைக் கடல் கடித்திருந்தது. தார் விளிம்பு அப்பளம் போல உடைந்து தொங்க, வண்டியை இறங்கித் தள்ளினோம்.

மாலையில் ஒரு குப்பத்தில் பெரியவர்களிடம் கேட்டு, படகுகள் ஏற்றி வைத்திருந்த மேட்டில் கூடாரம் அடித்தோம். ஊர்க்காரர் ஒருவர், எழுபது வயதிருக்கும், வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்தார். அவர் பிள்ளைப் பருவத்தில் கரை எங்கே இருந்தது என்று காட்டினார். என் பாட்டி காட்டிய அதே கை, அதே அலை. என் கணவர் சற்றுநேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டு, "தாத்தா, அந்தத் துறைமுகத்துல நானும் வேலை செஞ்சவன்தான்" என்றார். எனக்கு மூச்சு நின்றது. பெரியவர் பீடியைப் பற்றவைத்தார். "நீ செய்யலன்னா இன்னொருத்தன் செய்வான், நைனா. எங்க வூட்டுப் புள்ளைங்களும் அங்கதான் வேலை குடுங்கன்னு கேட்டு நிக்குதுங்க. வேலையும் நெரந்தரமா குடுக்கல, கரையும் நிக்கல. ரெண்டுல ஒண்ணு நின்னாலும் பேசலாம்." சற்றுப் பொறுத்து, "கொழம்பு இருக்குது, சாப்புடுறீங்களா?" என்றார். மடவை மீன் குழம்பு. புளிச்சோற்றை அவர் பேரப்பிள்ளைகள் காலி செய்தார்கள்.

இரவு தெற்கு வானம் துறைமுக விளக்குகளால் மஞ்சளாகவும், வடக்கு வானம் விண்மீன்களோடு கருகருவென்றும் இருந்தது. கூடாரத்தின் வாசலை வடக்கே பார்க்க வைத்திருந்தோம். எங்கோ நரி ஊளையிட்டது. இரண்டு ஆண்டு, மாதா மாதம் எவ்வளவு அனுப்புவது, என் படிப்பு, குழந்தை என்று வீட்டில் மெல்லிய சுவருக்கு இப்பால் பேச முடியாததையெல்லாம் அன்று பேசினோம். அதை இங்கே எழுதுவதற்கில்லை.

காலையில் கரையில் ஒரு பங்குனி ஆமை இறந்து கிடந்தது. அவ்வாண்டு சனவரியில் சென்னைக் கரையெங்கும் நூற்றுக்கணக்கில் ஒதுங்கினவே, அவற்றின் கூட்டாளி. இழுவலையில் சிக்கினால் மூச்சுக்கு மேலே வர முடியாமல் செத்துப்போகுமாம்.

பழவேற்காடு! சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்புநீர் ஏரி. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. அவர்களது கல்லறைத் தோட்டம் மட்டும் நன்றாக இருக்கிறது. வாசலின் இருபுறமும் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்து வருவோரை வரவேற்கிறார்கள். கட்டம் போட்ட துணி இங்கிருந்து கப்பலேறியது. துணியோடு மனிதர்களையும் அடிமைகளாக்கிப் பட்டாவியாவுக்கு ஏற்றினார்கள் என்பதைப் பாடப்புத்தகம் அவ்வளவு சத்தமாகச் சொல்வதில்லை. கப்பலேறப் போகும் கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கும் சத்தம் எழவில்லை.

ஏரியில் பூநாரைகள் நின்றன. தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடு போலத் தெரிந்து, படகு நெருங்கியதும் கோடு எழுந்து பறந்தது. என்னே காட்சி! ஆனால் எனக்கு அதைவிட வியப்பூட்டியது 'பாடு' என்னும் முறை. ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை ஊர்கூடி முறைவைத்து, சீட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது. இம்முறைக்குள் இடம் கிடைக்காத சமூகத்தாரும் ஏரியை நம்பித்தான் வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சீட்டில் பெயரே இல்லாதவனுக்குச் சீட்டு எவ்வளவு நேர்மையாக இருந்தால் என்ன?

அம்மனுக்குப் பொங்கலிட்டோம். உறவினர் வீட்டு வாசலில் கூடாரத்தை அடித்தோம். அடித்த அடியிலேயே பிள்ளைகள் ஐவர் உள்ளே புகுந்து படுத்துக்கொண்டதால் கூடாரத்தின் சொந்தக்காரர்கள் திண்ணையில் உறங்கினார்கள்.

மூன்றாம் நாள் பொன்னேரி வழியே திரும்புகையில் ஞாயிறு என்னும் ஊருக்குள் வண்டியைத் திருப்பச் சொன்னேன். சங்கிலியார் பிறந்த ஊர் அது. பிரிந்து போனவரின் கண்ணைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறார்களே, ஒற்றியூரில் இருந்துவிட்டவள் என்ன செய்தாள் என்று கேட்க எனக்கு ஆசை. ஊர் அமைதியாக இருந்தது. கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம்.

என் கணவர் போய் மாதங்கள் ஆகின்றன. தொலைபேசியில் கூப்பிட்டால் வீட்டு நலம் கேட்ட பிறகு, கடல் கடித்த அந்தச் சாலை இன்னும் இருக்கிறதா என்று கேட்கிறார்.

போக விரும்பும் தோழர்கள் குடிநீரும் பெட்ரோலும் எண்ணூரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். குப்பத்துப் பெரியவர்களைக் கேளாமல் கூடாரம் அடிக்காதீர்கள். சனவரி, பிப்ரவரியில் போனால் பூநாரைகளைப் பார்க்கலாம். சாலையை நான் மழைக்காலம் முடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். மாமனார் எனக்குப் புல்லட் ஓட்டக் கற்றுத்தந்து வருகிறார்.